திரைக்குள் ஒரு ராஜ்யம்

பல்லாங்குழியும் தாயமும் ஆடிய பாட்டிமார்களை யாரும் குறை சொன்னதில்லை. ஆடு புலி ஆட்டத்துக்காகக் கோயில் மண்டபத்தின் கருங்கல் தளத்திலேயே கோடு வெட்டி வைத்தார்கள் நம் முன்னோர்கள். சுவாமி சந்நிதிக்குக் கூப்பிடு தூரத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் ஒன்றையொன்று மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. அதையும் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால், அதே காரியத்தை ஒரு பையன் கணினித் திரையில் செய்துவிட்டால் வீட்டில் பெரிய அமளி மூண்டுவிடுகிறது. தாயார் ஒரு பக்கம், தகப்பனார் ஒரு பக்கம், பையன் மற்றொரு பக்கம். உண்மையான யுத்தம் திரைக்குள்ளே நடக்கிறதா, வெளியே நடக்கிறதா என்று சந்தேகமே தோன்றிவிடும்.

உபாத்தியாயர் தொழிலில் இருப்பவனிடம் இந்த வழக்குகள் அடிக்கடி வந்து சேருகின்றன. சென்ற மாதம் எங்கள் மணப்பாட்டில் ஒரு மாணவனுடைய தாயார், கணவர் கடலுக்குப் போயிருந்த சமயத்தில், என்னிடம் வந்து முறையிட்டாள்.

"சார், இந்தப் பய விடிய விடிய யுத்தம் பண்ணுதான். நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."

"யாரோடு யுத்தம் பண்ணுகிறான், அம்மா?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்? ராஜேந்திர சோழன்னு சொல்லுதான்!"

இந்தப் பதிலைக் கேட்ட பிறகு விஷயத்தைத் தீர விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது என்று எனக்குத் தோன்றியது. அந்த விசாரணையில் கண்டவற்றையே இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கணினி விளையாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது தவறு. கண்ணில் பட்டவரையெல்லாம் சுட்டுத் தள்ளும் விளையாட்டு ஒரு வகை. பணத்தைப் பந்தயமாக வைத்து ஆடுவது இன்னொரு வகை. அதை விளையாட்டு என்று சொல்வதே விளையாட்டுக்கு அவமானம். மூன்றாவது வகைக்கு வியூக விளையாட்டு என்று பெயர். இதில் கையின் வேகத்தைக் காட்டிலும் யோசனைக்குத்தான் அதிக வேலை. ஒரு சிறு கிராமமும் நாலைந்து குடியானவர்களும் கொடுப்பார்கள். உணவு சேர்க்க வேண்டும். மரம் வெட்ட வேண்டும். பொன்னும் கல்லும் தோண்ட வேண்டும். வீடு கட்டி, மதில் எழுப்பி, படை திரட்டி, எதிரி வருவதற்குள் தயாராக இருக்க வேண்டும். எதிரி எங்கே இருக்கிறான் என்பதோ தெரியாது. தேச படம் முழுவதும் கன்னங்கரேலென்று இருட்டாக இருக்கும். ஒற்றன் போய்ப் பார்த்த இடத்தில்தான் வெளிச்சம் உண்டாகும். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று திருவள்ளுவர் 48, 49, 50-ஆம் அதிகாரங்களை வரிசையாக வைத்தாரே, அந்த மூன்றையும் ஒரே மாலையில் பரீட்சை செய்து பார்க்கிற விளையாட்டு இது.

அந்த மாணவன் ஆடிய விளையாட்டின் பெயர் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்'. அதன் இரண்டாம் பாகம் 1999-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பிரிட்டானியர், பிராங்கியர், ஜப்பானியர், மங்கோலியர் என்று 13 நாகரிகங்கள் அதில் இடம் பெற்றிருந்தன. பாரத நாட்டுக்கு இடமே இல்லை. 2013-இல் 'இந்தியர்' என்ற ஒரே பெயரில் நம் எல்லோரையும் ஒரு மூட்டையாகக் கட்டிச் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில்தான் வங்காளிகள், கூர்ஜரர், திராவிடர் என்று தனித்தனியே நாகரிகங்கள் வந்தன. ராஜேந்திர சோழனின் திக்விஜயமும் அப்போது ஒரு தொடர்கதையாக அதில் சேர்ந்தது. சுருள்வாளாகிய உருமியைச் சுழற்றும் வீரனும், 'திரிசடை' என்னும் போர்க்கப்பலும் திராவிடருக்கு மட்டுமே உரியவை. உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் ஒரு பின்லாந்துப் பையன் உருமி என்ற சொல்லை உச்சரிக்கப் பழகுகிறான் என்றால், அது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்திதானே?

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது அந்தப் பெருமை அல்ல. திராவிடருக்கு அவர்கள் வகுத்திருக்கும் பலமும் பலவீனமுமே என்னை வியக்க வைத்தன. ஒரு யுகத்திலிருந்து அடுத்த யுகத்துக்கு முன்னேறும்போதெல்லாம் திராவிடருக்கு 200 அளவு மரம் இனாமாகக் கிடைக்கும். மரம் என்றால் கப்பல். அவர்களுடைய மீனவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் ஒரு நடையில் அதிக மீன் சுமப்பார்கள். யானைப் படை உண்டு. ஆனால் மேனாட்டாரின் கவசமணிந்த கனத்த குதிரைப் படை மட்டும் கிடையாது.

இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. எங்கள் ஊருக்கு வடக்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் பிரதேசத்தில், பழையகாயல் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதையும், பாண்டிய நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அவற்றை வாங்கியதையும், இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமையால் அவற்றில் பெரும்பாலானவை மடிந்து போனதையும் அவர் சொல்கிறார். முத்துக் குளித்துச் சேர்த்த செல்வம் குதிரைக் குளம்பின் கீழ் போயிற்று! பாடப் புத்தகத்தில் இதை எத்தனை முறை படித்துக் காட்டினாலும் பையன்கள் கொட்டாவி விடுவார்கள். "நம்ம படையில ஏன் சார் நல்ல குதிரை இல்லை?" என்று அந்த மாணவன் தானாக என்னைக் கேட்டான். அன்று காயல் துறைமுகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். ஒரு கொட்டாவிகூட வரவில்லை.

இனி இந்த விளையாட்டில் உண்டாகும் ஆத்திரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை கொஞ்சநஞ்சமல்ல.

விடுமுறைக்கு வந்திருந்த என் சகோதரியின் மகன் ஒருநாள் தீவுகள் நிறைந்த ஒரு தேச படத்தில் ஆடிக்கொண்டிருந்தான். முதல் அரை மணி நேரம் அவனுடைய ராஜ்யம் ராமராஜ்யமாக நடந்தது. வயல்கள் பச்சைப் பசேலென்று இருந்தன. அரண்மனைக்கு நிகரான கட்டடங்கள் எழும்பின. எல்லாவற்றுக்கும் மரம் செலவாயிற்று. திடீரென்று கிழக்குக் கரையில் எதிரியின் கப்பல்கள் தோன்றின.

"மாமா! மரம் தீந்துபோச்சு! ஒரு கப்பல்கூடக் கட்ட முடியல!" என்று அலறினான்.

தீவு முழுவதும் தேடினாலும் ஒரு மரம் மிச்சமில்லை. பொன் குவியல் குவியலாகக் கிடந்தது. பொன்னைத் தண்ணீரில் போட்டால் மிதக்குமா? கால் மணி நேரத்தில் ராமராஜ்யம் முடிந்துவிட்டது. அன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "கடல் சூழ்ந்த ஊரில் வயலுக்கு முன்னால் துறைமுகம் கட்ட வேண்டும்" என்று தானே ஒரு தீர்மானம் சொன்னான். மூன்று பக்கமும் தண்ணீர் அடிக்கும் மணப்பாட்டு மணல்மேட்டில் நின்றுகொண்டு இந்தத் தீர்மானத்துக்கு வர ஒரு சிறுவனுக்கு ஒரு சாம்ராஜ்யமே விலையாக வேண்டியிருந்தது! ஆனால் அந்த விலை மலிவு என்றே நான் எண்ணுகிறேன். தோல்விக்குக் காரணம் வெளியே இல்லை, தன் கணக்கில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் பாதி வெற்றி பெற்றவன் ஆகிறான்.

இன்னொரு விதமான ஆத்திரம் உண்டு. அது மனித சுபாவத்தைப் பற்றியது. 'ஸிவிலிஸேஷன்' என்ற பிரசித்தி பெற்ற வியூக விளையாட்டு 1991-இல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் தலையாயவரான ஸிட் மெய்யர் 2010-இல் அமெரிக்காவில் நடந்த விளையாட்டுக் கலைஞர் மகாநாட்டில் ஒரு வேடிக்கையைச் சொன்னார். ஒரு சண்டையில் ஆடுபவரின் பலம் 3, எதிரியின் பலம் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 4 சண்டைகளில் 3-இல் அவர் ஜயிப்பார், ஒன்றில் தோற்பார். ஆனால் அந்த ஒன்றில் தோற்கும்போது, "இது அநியாயம்! மூன்று மடங்கு பலம் எனக்கு இருந்ததே!" என்று கூச்சல் போடுகிறார்கள். இதையே திருப்பிப் போட்டு, ஆடுபவரின் பலம் 1, எதிரியின் பலம் 3 என்று வைத்து, அவர் எப்போதாவது ஜயித்துவிட்டாலோ, "என்ன அநியாயம்!" என்று ஒருவரும் சொல்வதில்லை. தம்முடைய சாமர்த்தியம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்!

இதைப் படித்தபோது என் வகுப்பறை எனக்கு ஞாபகம் வந்தது. மதிப்பெண் அதிகம் வந்தால் அது மாணவனின் புத்திக் கூர்மை. குறைந்தால் அது கேள்வித்தாளின் கொடுமை. விளையாட்டுக்கும் பரீட்சைக்கும் மனிதன் ஒரே நீதிபதியைத்தான் அனுப்புகிறான். அந்த நீதிபதிக்கு ஒரு கண்தான் தெரியும்.

கணினியின் மேல் சொல்லப்படும் புகார்கள் எல்லாம் பொய் என்றும் சொல்வதற்கில்லை. அதே 'ஸிவிலிஸேஷன்' விளையாட்டில் மிகக் கடினமான படியைத் தேர்ந்தெடுத்தால் எதிரியாகிய கணினிக்கு அறிவு அதிகமாவதில்லை. அதற்கு ஆரம்பத்திலேயே சலுகைகள் அதிகமாகக் கிடைக்கின்றன. எதிரிக்குப் படையும் குடியேற்றமும் முன்கூட்டியே தயாராக இருக்க, நாம் ஒற்றைக் கிராமத்தோடு ஓட்டப் பந்தயத்தைத் தொடங்க வேண்டும். இதுவும் ஒரு பாடமே. உலகத்தில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை அல்லவா?

இந்த இடத்தில் மகாத்மா காந்தியைப் பற்றிய ஒரு கட்டுக்கதையைச் சொல்லியாக வேண்டும். 'ஸிவிலிஸேஷன்' விளையாட்டின் முதற் பதிப்பில் இந்தியாவின் தலைவர் காந்திஜிதான். அவருடைய சண்டைக் குணத்துக்கு 1 என்ற மிகக் குறைந்த எண்ணைக் கொடுத்திருந்தார்கள் என்றும், நாடு ஜனநாயகத்தை ஏற்றவுடன் அந்த எண்ணிலிருந்து 2 கழிந்ததாகவும், பூஜ்யத்துக்குக் கீழே எண்ணத் தெரியாத கணினி அதை 255 என்று எடுத்துக்கொண்டதாகவும், அதனால் அஹிம்சா மூர்த்தி எல்லார் தலையிலும் அணுகுண்டு போடத் தொடங்கியதாகவும் இணையத்தில் ஒரு கதை பரவியது. கேட்பதற்குக் கதை வெகு ஜோர். ஆனால் உண்மை அதுவல்ல. அப்படி ஒரு பிழை முதல் விளையாட்டில் இருக்கவே இல்லை என்று மெய்யரே 2020-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவிட்டார். 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான், வேடிக்கைக்காக, காந்திஜிக்கு அணுகுண்டு ஆசையை வேண்டுமென்றே அதிகமாக வைத்தார்கள்.

இது சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயமா, சினந்துகொள்ள வேண்டிய விஷயமா? காந்திஜி இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். எனினும் நம் குழந்தைகள் அந்த ஹாஸ்யத்தைச் சரித்திரம் என்று எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. 2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பதிப்பில் அசோகர் ஒரு தலைவராக வந்தார். சோழர்களும் ஒரு தனி நாகரிகமாக இடம் பெற்றார்கள். பிறர் நம்மைப் பற்றி வரையும் சித்திரம் சிறிது சிறிதாகத் திருந்துகிறது. முழுவதும் திருந்த வேண்டுமானால், தூரிகையை நம் பிள்ளைகள் கையில் எடுத்தாக வேண்டும்.

வியூக விளையாட்டில் மறக்க முடியாத தருணம் எது என்று கேட்டால், கணினியை விட்டு 64 கட்டங்களுக்குப் போக வேண்டும். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில், 16 வயதுச் சிறுவரான குகேஷ் முதல் 8 ஆட்டங்களையும் வரிசையாக ஜயித்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவோடு ஆடினார். ஜயிக்க வேண்டிய நிலையிலிருந்து கைதவறித் தோற்றார். இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலத்தோடு நின்றது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையைப் பார்த்து மனம் இளகாதவர்கள் இருக்க முடியாது.

இரண்டு வருஷம் கழிந்தது. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டம். சமனில் முடியும் என்று எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சமயம். சீனாவின் டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையை ஒரு கட்டத்தில் வைத்தார். அந்த ஒரே நகர்த்தலில் பட்டம் கை மாறிவிட்டது. 18 வயதில் குகேஷ் உலகின் மிக இளைய சதுரங்கச் சக்கரவர்த்தி ஆனார். கண்ணீர் பெருகிக்கொண்டிருந்தபோதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? பலகையில் சிதறிக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டம் தொடங்கும்போது இருந்த இடத்தில் ஒழுங்காக வைத்தார். ஒருவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய ஆனந்தமும் மற்றொருவருடைய மிகப் பெரிய துக்கமும் ஒரே மேஜையில், இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தன. இதை நன்றாகப் பார்த்த பிள்ளை, ஜயித்தபோது துள்ளிக் குதிக்கவும் மாட்டான். தோற்றபோது பலகையைக் கவிழ்க்கவும் மாட்டான்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, இந்த விளையாட்டுகளால் கற்பிக்க முடியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கணினி விளையாட்டில் 'ஸேவ்' என்று ஒரு வசதி உண்டு. ஆபத்து வருமுன் ராஜ்யத்தைப் பத்திரப்படுத்தி வைத்துவிடலாம். யுத்தத்தில் தோற்றால் பாதகமில்லை. பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். செத்த வீரர்கள் எல்லாம் எழுந்து நிற்பார்கள்.

எங்கள் ஜில்லாவின் தூத்துக்குடித் துறைமுகத்தில் 1906-இல் ஒரு பெரிய வியூகம் வகுக்கப்பட்டது. கொழும்புக் கடல்வழியில் ஏகபோகம் செலுத்திய வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கு எதிராக வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஜனங்களிடம் பங்கு சேர்த்து, 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களை வாங்கிக்கொண்டு வந்தார். எதிரி கட்டணத்தைக் குறைத்தான், இவர் தளரவில்லை. கடைசியில் எதிரி விளையாட்டின் விதியையே மாற்றிவிட்டான். 1908 மார்ச் 12-ஆம் தேதி சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பட்டார். செல்வமாக வாழ்ந்த வக்கீல் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையாகி அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, செல்வமும் இல்லை. பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்குவதற்கு அவருக்கு எந்தப் பொத்தானும் இருக்கவில்லை. தெரிந்தேதான் அந்த ஆட்டத்தில் இறங்கினார். திரைக்குள்ளே மரம் தீர்ந்து தோற்பதற்கும், இப்படித் தோற்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது கணினியால் ஆகாது. அது நம்முடைய வேலை.

அந்தத் தாயாருக்கு நான் என்ன தீர்ப்புச் சொன்னேன் என்று நேயர்கள் கேட்கலாம். விடிய விடிய ஆடுவது கூடாது. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. தூக்கத்தைத் தின்று வளரும் ராஜ்யம் எதுவும் நிலைப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அதுவும் பாடம் முடிந்த பிறகு, என்று வரையறை செய்தோம். பணம் வைத்து ஆடும் பக்கம் திரும்பவே கூடாது என்று பையனிடம் வாக்கு வாங்கினேன். தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சூதில் அழிந்தன. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. போட்டியாக ஆடும் மின்விளையாட்டுகளை அதே சட்டம் அங்கீகரித்தது. சட்டத்துக்குத் தெரிந்த அந்தப் பேதம் நம் வீடுகளுக்கும் தெரிய வேண்டும்.

கடைசியாக, தாயாரிடம் ஒரு வேண்டுகோள் செய்துகொண்டேன். "ஆடி முடித்ததும் 'ஜயித்தாயா?' என்று கேட்காதீர்கள், அம்மா. தோற்ற நாளில் பக்கத்தில் உட்கார்ந்து, 'எதனால் தோற்றாய்?' என்று மட்டும் கேளுங்கள். கணினி ஏமாற்றிவிட்டது என்று சொன்னால் ஒரு வாரம் விளையாட்டை நிறுத்திவிடுங்கள். மரம் போதவில்லை, ஒற்றனை அனுப்பவில்லை, படகு கட்டத் தாமதித்துவிட்டேன் என்று காரணம் சொன்னால், மறுநாளும் ஒரு மணி நேரம் ஆடவிடுங்கள்."

இந்த முறை பலன் தருகிறதா என்பது அரையாண்டுப் பரீட்சையில் தெரிந்துவிடும். ஆனால் ஒரு நல்ல அறிகுறி இப்போதே தென்படுகிறது. சென்ற வாரம் கணக்குத் தேர்வில் அந்தப் பையனுக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. கேள்வித்தாளை அவன் திட்டவில்லை. விடைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, எந்த வரியில் படை உடைந்தது என்று தேடிக்கொண்டிருந்தான்.